வலப்பக்கம் போய்விடும் பொத்தான்கள்

அந்த வீட்டில் அவளை எலி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரம், உள்ளறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மவுஸ். கதவுக்கு வெளியே நின்ற நாத்தனார் அந்தக் க்ளிக் க்ளிக் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, உள்ள எலி எதையோ கொறிக்குதுடா" என்றாள். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. புருஷன்கூடக் கோபம் வந்தால்தான் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்வான்.

நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். தாய் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பண்ணிக்கிட்டா அந்த மனுஷன் எப்பப் பேசுவான்?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாய் ஓயாது. ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாலும் மூச்சுக்கு மூச்சு "அப்புறம்" போட்டு, வண்டியை எங்கெங்கோ ஓட்டிக்கொண்டுபோய்க் கடைசியில் கரெக்டாக வாசலில் நிறுத்துவாள்.

டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். முன்னறை நாத்தனாருக்கு, உள்ளறை இவர்களுக்கு. எலி சமைத்தால் உப்பு சரியில்லை, துவைத்தால் சோப்பு போகவில்லை. ஆனால் எலிக்கு ஆபீசில் நேரமாகிவிட்டால் பஸ் நிறுத்தத்தில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, தூரத்திலிருந்தே ஹாரன் அடிப்பவளும் அவள்தான்.

எலி வேலை பார்த்தது பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியில். கடைகள், பள்ளிக்கூடங்கள், யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்பார்கள். ஒரு சமயம் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாதிரி செய்து காட்டுவதற்காக ஒரு வேலை வந்தது. அந்த வேலையில் இருந்தபோது ஒருநாள் சாப்பிடும் வேளையில் நாத்தனார் கேட்டாள்.

"இப்ப என்னத்தக் கொறிக்கிற?"

"ஆஸ்பத்திரிக்கு ஒரு வெப் பக்கம் செய்யறோம்க்கா. கட்டிலுக்குப் பக்கத்துல சின்னதா தொடுதிரை டேப் ஒண்ணு இருக்கும். பேச முடியாதவங்க, எந்திரிக்க முடியாதவங்க அதுல படத்தைத் தொட்டா போதும். தண்ணி, வலி, பாத்ரூம், விளக்கு... உடனே நர்ஸுக்குத் தகவல் போயிரும்."

"நல்ல விஷயம்தான? அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

எலி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "எழுத்து பெருசா வேணுமா, பொத்தான் எந்தப் பக்கம் வேணும்னு அவங்கவங்க மாத்திக்கலாம். ஆனா வெப்சைட்டுக்கு ஞாபகமே கிடையாதுக்கா. ஒவ்வொரு தடவ தொடும்போதும் புது ஆளைப் பாக்கிற மாதிரிதான் முழிக்கும். அதனால ஆள் வந்ததும் ஒரு டோக்கன் குடுத்து, அந்த நம்பருக்கு உள்ள ஒரு டப்பா வைப்போம். செஷன்னு பேரு. இவருக்கு எழுத்து பெருசு, இவருக்குப் பொத்தான் இடதுபக்கம்னு எல்லாத்தையும் அந்த டப்பாவுல போட்டு வைக்கிறது."

"சரி, அப்ப ஞாபகம் வந்துருச்சுல்ல?"

"இருபது நிமிஷம் யாரும் தொடலன்னா டப்பாவத் தூக்கி எறிஞ்சிரும். மறுபடியும் முதல்ல இருந்து."

நாத்தனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எலியைப் பார்த்தாள். "என் வேன்ல ஏர்ற பிள்ளைங்கள்ல ஜன்னலோரம் எது, வாந்தி எடுக்கிறது எது, பக்கத்துல உக்கார வச்சா கடிச்சு வைக்கிறது எதுன்னு ரெண்டு மாசம் லீவு முடிஞ்சு வந்தாலும் எனக்குத் தெரியும். உன் டப்பா இருபது நிமிஷம்தான் தாங்குமா?"

"நிரந்தரமா வைக்கணும்னா டேட்டாபேஸ்ல எழுதணும். அதுக்கு நாள் குடுக்க மாட்டேங்கிறாங்க."

அது உண்மை. எலி முதலாளியிடம் கேட்டிருந்தாள். "முதல்ல காட்டுவோம்மா. அவங்களுக்குப் பிடிச்சா மத்ததெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். எலி நிரல் ஃபைலின் தலைப்பில், இது தற்காலிக ஏற்பாடு, நோயாளியின் விருப்பங்களை நிரந்தரமாகச் சேமிக்க வழி செய்ய வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு வேலையை முடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிடித்துப்போனது. ஆனால் இவர்களிடம் அதை நடத்தும் அளவுக்கு ஆள்பலம் இல்லை என்று முதலாளி அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார். எலியை ஒரு செருப்புக் கடையின் வெப்சைட்டில் போட்டார்கள். அங்கே யாருடைய கால் அளவு மறந்துபோனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இரண்டு வருஷம் போனது. ஒரு காலை, கீழே வேனில் ஏறி உட்கார்ந்த நாத்தனார் வண்டியை எடுக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டயர்க் கடைக்காரர் என்னவென்று எட்டிப் பார்த்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினார். புருஷனும் எலியும் இறங்கி ஓடியபோது அவள் ஸ்டியரிங்கை இடது கையால் பிடித்தபடி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாள். வாய் கோணியிருந்தது. வேனில் பிள்ளைகள் யாரும் இல்லை. அதைத்தான் அப்புறம் எல்லோரும் ஆறுதலாகச் சொன்னார்கள்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. முழுவதும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் எலிக்குத் தோன்றியது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. அப்புறம். வலித்தாலும் அப்புறம், தம்பியைப் பார்த்தாலும் அப்புறம், வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அப்புறம். மூளையில் பேச்சு இருக்கும் இடம் அடிபட்டால் இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுவது உண்டு என்று டாக்டர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: எதைப் பார்த்தாலும் அதன் வலது பாதி இவளுக்குத் தெரியாது. தட்டில் இடது பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாள். யாராவது தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுவாள்.

வார்டுக்கு மாற்றிய அன்று, கட்டிலின் கம்பியில் மாட்டியிருந்த டேப்பைப் பார்த்ததும் எலி அப்படியே நின்றுவிட்டாள். அதே இளநீல நிறம். அவளே வரைந்த, கொஞ்சம் கோணலான தண்ணீர் டம்ளர். பழைய அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டியிருந்தார்கள்.

"இது நான் செஞ்சது" என்றாள்.

புருஷன் டேப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக். தான் ரிப்பேர் பார்த்த லிஃப்டில் தானே ஏறிப் போவதைத் தவிர அவனுக்கு வேறு பெருமை தெரியாது. "அப்ப அக்காவுக்குப் பிரச்சினை இல்ல" என்றான்.

எலி பொத்தான்களை இடதுபக்கத்துக்கு மாற்றினாள். படங்களைப் பெரிதாக்கினாள். நாத்தனாரின் இடது கையைப் பிடித்துத் தண்ணீர்ப் படத்தின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் தண்ணீரோடு வந்து நின்றாள். நாத்தனாரின் முகத்தில் பாதி சிரித்தது. "அப்புறம்!" என்றாள், எலியைப் பார்த்து.

மறுநாள் மத்தியானம் எலி போனபோது கட்டில் ஈரமாக இருந்தது. நாத்தனார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். எலி நர்ஸைத் தேடிப் பிடித்தாள்.

"நான் கேட்டேனே" என்றாள் நர்ஸ். சின்னப் பெண், களைத்திருந்தாள். "ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் பாத்ரூம் போகணுமான்னு கேட்டேன். அப்புறம், அப்புறம்னாங்க. சரி, அப்புறம் வருவோம்னு போயிட்டேன்."

"அவங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதாங்க வரும். அவங்க டேப்லெட்டத் தொடலையா?"

"எந்த டேப்லெட்? காலையில குடுத்ததையா? அதெல்லாம் முழுங்கிட்டாங்க."

எலி கட்டில் கம்பியில் மாட்டியிருந்ததைக் காட்டினாள். பொத்தான்கள் வலப்பக்கம் போயிருந்தன. சின்னச் சின்னதாக, வரிசையாக. இடது பாதியில் ஆஸ்பத்திரியின் சின்னமும் வெறும் நீலமும் மட்டும். கண்ணாடியில், அந்த வெறும் நீலத்தின் மேல், விரல் அடையாளங்கள் நிறைய இருந்தன.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக யாரும் அந்த நிரலில் கைவைக்கவில்லை. அவள் எழுதியது எழுதியபடியே வார்டு வார்டாக ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தால் போதும், டப்பா காலி. எழுந்து பார்க்கும்போது அவள் கண்ணுக்கு அந்தத் திரையில் ஒன்றுமே இருக்காது.

அன்று சாயங்காலம் அவள் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். அந்தப் பெரிய கம்பெனியின் ஆள் பொறுமையாகத்தான் பேசினான்.

"சிஸ்டம் சரியாத்தான் வேலை செய்யுது மேடம். ஒருத்தரோட விருப்பம் அடுத்தவங்களுக்குப் போயிரக் கூடாதுன்னுதான் இருபது நிமிஷம் வச்சிருக்கு."

"கட்டிலுக்கு ஒரு டேப்தானேங்க இருக்கு?"

"நோயாளி மாறுவாங்கல்ல மேடம்."

"இருபது நிமிஷத்துக்கு ஒருதரமா மாறுவாங்க?"

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன் மேடம்."

"அந்த ஃபைலத் திறந்து பாருங்க. தலைப்புலயே எழுதியிருக்கேன். அது நான் எழுதினதுங்க."

"ஃபைல் எல்லாம் எங்களுக்குத் தெரியாது மேடம். நாங்க சப்போர்ட்."

முதலாளியிடம் போனாள். அவர் நல்லவர்தான், நாத்தனாருக்குப் பழங்கள்கூட வாங்கி அனுப்பினார். "அது இப்ப நம்ம கையில இல்லம்மா" என்றார். "எனக்கே அதுல நுழைய வழி கிடையாது. வழி இருந்து, நீ உள்ள போய்க் கைவச்சேன்னு தெரிஞ்சா நம்மள கோர்ட்டுக்கு இழுத்துருவாங்க. அவங்க கிட்ட நான் பேசிப் பாக்கிறேன்." பேசினார். அடுத்த வெளியீட்டில் பரிசீலிக்கிறோம் என்றார்களாம். அடுத்த வெளியீடு எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

எலி லீவு போட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவ்வப்போது கையை நீட்டித் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். தொட்டால் டப்பா உயிரோடு இருக்கும். புருஷன் சாப்பாடு கொண்டுவந்தபோது, "கம்ப்யூட்டர் படிச்சதுக்குக் கடைசியில இதுதான் வேலையா?" என்று கேட்டான். கேலியாகத்தான் ஆரம்பித்தான், ஆனால் பாதியில் அவன் குரல் இறங்கிவிட்டது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் காவலாளி வந்து அவளைக் கிளப்புவார். அவள் படியிறங்கி, பஸ் ஏறி, வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே பொத்தான்கள் வலப்பக்கம் போயிருக்கும்.

நடுவில் ஒரு நல்லது நடந்தது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர், எப்போதும் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடு திரிபவர், எலி சொன்னதை உட்கார்ந்து கேட்டார். எலிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. காட்டுவதற்காகச் செய்தபோது, பக்கத்தின் முகவரியிலேயே இடதுபக்கம், பெரிய படம் என்று சேர்த்து எழுதினால் திறக்கும்போதே அப்படித் திறக்குமாறு ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள்.

"இந்த ஒரு டேப்ல மட்டும் ஆரம்ப முகவரிய மாத்த முடியுமா சார்? செஷன் போனாலும் திரும்பத் திறக்கும்போது இடதுபக்கமா வந்துரும்."

அவர் தலையைச் சொறிந்தார். "அனுமதி கிடையாதும்மா." பிறகு வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு டேப்பைக் கழற்றி எடுத்துப்போனார். திரும்பக் கொண்டுவந்து மாட்டும்போது பொத்தான்கள் இடதுபக்கம் இருந்தன. இருபது நிமிஷம் கழித்தும் இருந்தன.

அதன் பிறகு அந்த வார்டில் நாத்தனாரின் ராஜ்யம். தண்ணீர் வேண்டும், விளக்கைப் போட வேண்டும், போட்ட விளக்கை அணைக்க வேண்டும், தலையணை சரியில்லை. நர்ஸ் எலியிடம் வந்து முறையிட்டாள்: "உங்க அக்கா என்னை நடந்தே தேய வைக்கிறாங்க." எலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உப்பு சரியில்லை என்று சொன்ன அதே மனுஷிதான். அந்த நிம்மதியில் எலி லீவை முடித்துக்கொண்டு ஆபீஸ் போனாள்.

அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பெரிய கம்பெனி எல்லா டேப்களுக்கும் ஒரே நேரத்தில் ஏதோ அப்டேட் அனுப்பியது. ஆரம்ப முகவரி பழையபடி ஆனது. குறுக்குவழியையும், தேவையில்லாதது என்று யாரோ எடுத்துவிட்டார்கள். அன்று பிற்பகல் ஆபீசில் இருந்த எலிக்குத் தலைமை நர்ஸிடமிருந்து போன் வந்தது.

"உங்க பேஷன்ட் டேப்பப் பிடுங்கி எறிஞ்சிட்டாங்கம்மா. நல்லவேளை, யார் மேலயும் படல. கொஞ்சம் வர்றீங்களா?"

எலி போனபோது கம்பியில் ஒன்றும் இல்லை. கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கியாகிவிட்டது. நாத்தனாரின் இடது கை விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தலைமை நர்ஸ் எலியைத் தனியாக அழைத்துப் பேசினாள். கோபக்காரி இல்லை.

"முரண்டு பிடிக்கிறாங்கம்மா. வெறும் திரைய ஓயாம குத்திக்கிட்டே இருந்தாங்களாம். பக்கத்துக் கட்டில்காரங்க சொன்னாங்க. இனிமே அவங்களுக்கு டேப் வைக்க வேணாம்னு டாக்டர் எழுதிட்டாரு."

"அது அவங்க தப்பு இல்லைங்க. பொத்தான் எல்லாம் அவங்களுக்குத் தெரியாத பக்கம் போயிருது. அந்தப் பக்கத்தச் செஞ்சது நான்தான்."

தலைமை நர்ஸ் கண்ணாடியைக் கழற்றி அவளை உற்றுப் பார்த்தாள். "நீங்களா? அப்ப நீங்களே சரி பண்ணிக் குடுங்களேன்."

"என்னால முடியாதுங்க."

"நீங்க செஞ்சதுன்னீங்க?"

"செஞ்சது நான்தான்."

"அப்புறம்?"

எலிக்குச் செஷன், டேட்டாபேஸ், விற்பனை ஒப்பந்தம் எல்லாவற்றையும் சொல்லத் தெரியும். சொன்னாலும் அந்தக் கட்டிலுக்கு மணி வராது. தலைமை நர்ஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

எலி ஒரு தடித்த அட்டையில் படங்களை வரைந்து எடுத்துப்போனாள். யாராவது எதிரில் வந்து நின்றால் நாத்தனார் அதில் விரலை வைத்துக் காட்டினாள். ஆனால் யாரையும் வரவழைக்க அட்டையால் முடியாது. அதற்கு அவளிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும், பிறகு வரச் சொல்கிறாள் என்றே வார்டு முழுவதும் நினைத்துக்கொண்டது.

ஒரு சாயங்காலம், பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தபோது, எலி நாத்தனாரின் இடதுபக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ தொட்டப்ப யாரும் வராம இருந்தாங்கள்ல? நீ சரியாத்தான் தொட்ட. பொத்தான்தான் இடம் மாறிப்போச்சு. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேனே, டப்பா... அதுதான் இது. இருபது நிமிஷம்... நான் எல்லாருகிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன்க்கா."

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கதை கேட்கிறவர்கள் கேட்பதுபோல மெதுவாக, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் ஒண்ணும் இல்லக்கா. அவ்வளவுதான்."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பியபோது காலில் கொஞ்சம் பலம் வந்திருந்தது. பேச்சு வரவில்லை. வேனை வேறொருவர் ஓட்டத் தொடங்கியிருந்தார். புருஷன் இரவு வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கினான். எலி பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். ஒரு பழைய டேப்பை எடுத்து, முன்னறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி, புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். பொத்தான்கள் எல்லாம் இடதுபக்கம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. விருப்பங்களை டேட்டாபேஸில் எழுதினாள். மின்சாரம் போனாலும், ஒரு வாரம் யாரும் தொடாமல் இருந்தாலும் அது மறக்காது. சரிபார்த்துச் சரிபார்த்துத்தான் வைத்தாள்.

நாத்தனார் அதைத் தொடவில்லை. எலி கையைப் பிடித்து வைத்தால் கையை இழுத்துக்கொண்டாள். திரையைத் துணியால் மூடச் சொல்லிச் சைகை காட்டினாள். தண்ணீர் வேண்டுமானால் கட்டிலின் கம்பியில் கரண்டியால் தட்டினாள். கீழே டயர்க் கடைக்காரர்களுக்கும் கேட்கும் அந்தத் தட்டல். என்ன வேண்டும் என்று எலி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சில சமயம் கண்டுபிடித்தாள். சில சமயம் இரண்டு பேரும் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஒருமுறை நாத்தனாரைக் காலுக்குப் பயிற்சி கொடுக்க உள்ளே அழைத்துப்போன நேரத்தில், எலி பழைய வார்டின் வாசலில் போய் நின்றாள். அதே இளநீலம் ஒவ்வொரு கட்டிலிலும் இருந்தது. வாசலோரக் கட்டிலில் ஒரு பெரியவர், அவர் பக்கத்தில் மகள் போல ஒரு பெண். அவள் டேப்பில் ஏதோ தேடி எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுத் திரும்புவதை எலி பார்த்தாள். உள்ளே போனாள்.

"தப்பா நினைக்காதீங்க. நடுநடுவுல இதைத் தொட்டுக்கிட்டே இருங்க. இல்லன்னா பழையபடி சின்னதாயிரும்."

அந்தப் பெண் அவளை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக்கொண்டாள். "அப்படியா? நேத்தே மாத்தி வச்சேன், அப்பாதான் எதையோ அமுக்கிட்டாருன்னு திட்டிட்டேன்" என்று பெரியவரைப் பார்த்தாள். "நான் நாலு மணிக்குக் கிளம்பணுமே, குழந்தை ஸ்கூல்ல இருந்து வந்துரும். நான் போனப்புறம் யார் தொடுவாங்க?"

எலி வார்டைச் சுற்றிப் பார்த்தாள். நர்ஸ்கள் இருவரும் கோடிக் கட்டிலில் யாரையோ புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலைங்க" என்றாள்.

பெரியவர் தண்ணீர்ப் படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எலி அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாத்தனாரைக் கூட்டிப்போகப் படியிறங்கினாள்.